வீடியோ கேமும் மேட்ச் மார்க்கும்

வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "படிக்கிற பையனுக்கு இது எதுக்கு?" என்பதுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே இறுதியாண்டு புராஜெக்ட்டாக வீடியோ கேம் செய்யப்போகிறோம் என்று நான் சொன்னபோது அம்மா, "அதுக்கெல்லாம் மார்க் போடுவாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். பொங்கல் லீவு முடியும் வரை அந்தக் கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் கேம் விளையாடுவது பற்றி ஒன்றும் வராது. ஒரு கேமைத் துண்டு துண்டாகச் செய்து, பிறகு கோர்த்து எழுப்பும் முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை மாடுலர் முறை என்பார்கள். எங்கள் குழு ஐந்து பேரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்ட பாட்டைச் சொன்னால், அடுத்த வருடம் புராஜெக்ட் செய்யும் ஜூனியர் நண்பர்களுக்கு ஆறு வாரமாவது மிச்சமாகும்.

எங்கள் கேமின் கதை சின்னது. ஸ்ரீரங்கத்தில் என் மாமா வாழை இலை வியாபாரம் செய்கிறார். லீவு நாட்களில் சைக்கிள் கேரியரில் இலைக்கட்டை வைத்து மெஸ்களுக்குப் போட்டுவிட்டு வருவது என் வேலை. பதினோரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். குலுங்கினால் இலை கிழியும். கிழிந்த இலைக்குக் காசு கிடையாது. இதையே கேமாக்கினோம். ராஜகோபுரத்து வாசலில் புறப்பட்டு, அடையவளைந்தான் தெரு, சித்திரை வீதி என்று சுற்றி இலையைச் சேர்க்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரு வீதி என்பது எத்தனை பெரிய சமாசாரம் என்று.

எங்கள் குழுவில் மணப்பாறை நண்பன் ஒருவன். பிளெண்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் அவன் கைதான் நன்றாக ஓடும். அதனால் வீதி முழுவதையும் அவனிடமே விட்டுவிட்டோம். அவனும் சளைக்காமல் தெற்குச் சித்திரை வீதியின் வீடுகளை ஒவ்வொன்றாகச் செய்தான். ஓடு ஓடாகச் செய்தான்! ஜன்னல் கம்பியில் இருக்கும் குமிழைக்கூட விடவில்லை. எல்லாம் ஒரே ஃபைலில். அந்த ஃபைலுக்கு முதலில் "ஃபைனல்" என்று பெயர்; பிறகு "ஃபைனல் 2"; பிறகு "புது ஃபைனல்". லேபில் இருக்கும் நாலு ஜிபி ராம் மெஷினில் அதைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். கேமுக்குள் ஏற்றினால் விநாடிக்கு ஆறு படம்தான் வந்தது. சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

இது போதாதென்று பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. வீட்டு முறுக்கு அடுப்பை இவன்தான் பார்க்க வேண்டும். "ஆறு வாரம் ஆகும்டா, மன்னிச்சிடுங்க" என்று போனில் சொன்னான். அவன் ஃபைலைத் திறந்து பார்த்தோம். எந்தச் சுவர் எந்த வீட்டினுடையது, எதை நகர்த்தினால் எது கூட வரும், ஒன்றும் புரியவில்லை. மேல்மாடியை அழித்தால் பக்கத்து வீட்டுத் திண்ணை போய்விட்டது. அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. திட்ட வேண்டியது எங்கள் முறையை.

அன்று இரவு சோறு சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். அவர் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஃபிட்டர். எட்டாவது வரைதான் படித்தவர். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, "ஏன்டா, முழுசா ஒரே பீஸா செஞ்சா எப்படிடா லாரியில ஏத்துவ?" என்றார்.

1965-லிருந்து நம் திருச்சியில் இயங்கும் பெல் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனல் மின் நிலையத்துக்கான பெரிய பாய்லர் ஒன்று நம் ராஜகோபுரத்தைவிட உயரம் போகும். ராஜகோபுரம் 13 நிலை, சுமார் 72 மீட்டர். அவ்வளவு பெரிய பாய்லரை முழுதாக யார் கொண்டுபோக முடியும்? அது தரையில் உட்காருவதும் இல்லை. சூடானால் கீழ்நோக்கி நீள்வதற்கு இடம் விட்டு, இரும்புச் சட்டத்தின் உச்சியிலிருந்து தொங்குகிறது. அந்தச் சட்டத்தின் தூண்களை இங்கே துண்டுகளாகச் செய்து, சைட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, ஸ்ப்ளைஸ் பிளேட் வைத்து போல்ட் போட்டு இணைப்பார்கள். அப்பா சொன்னார்: "தூணோட நடுவுல ஒரு எம்எம் முன்னப்பின்ன இருந்தாக்கூட சமாளிச்சிடலாம். முனையில ஹோல் தப்பினா அங்க இருக்கிறவன் நம்மள ஏசுவான். முனைதான்டா வேலை."

இன்னொன்றும் சொன்னார். ஷாப்பை விட்டு அனுப்புவதற்கு முன் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைத் தரையில் கிடத்தி, பொருத்திப் பார்ப்பார்கள். அதற்கு ட்ரயல் அசெம்பிளி என்று பெயர். பொருந்திவிட்டால் இரண்டு முனையிலும் ஒரே அடையாளத்தை நம்பர் பஞ்ச்சால் குத்திவிடுவார்கள். அதுதான் மேட்ச் மார்க். சைட்டில் இருப்பவருக்கு இதைச் செய்தவர் யாரென்று தெரிய வேண்டாம். போன் பண்ணிக் கேட்கவும் வேண்டாம். மார்க்கைப் பார்த்தாலே எது எதோடு சேரும் என்பது புரிந்துவிடும்.

எங்கள் "புது ஃபைனல்" ஃபைலில் என்ன இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கேம் உலகத்துக்கு இது புதிதல்ல. 1985-இல் நின்டென்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கிலோபைட். நம் போனில் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோ அதைப்போல் ஐம்பது மடங்கு இருக்கும். அந்த இடத்துக்குள் அத்தனை உலகங்களை எப்படி அடைத்தார்கள்? சின்னச் சின்னச் சதுரப் படங்களைச் செய்துவைத்து, அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கினார்கள். அதில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டும்தான் வேறு. அடுத்த முறை யாராவது விளையாடினால் கவனித்துப் பாருங்கள்.

முப்பரிமாணம் வந்த பிறகும் இந்த யுக்தி மாறவில்லை. 2011-இல் அமெரிக்காவின் பெதெஸ்தா நிறுவனம் வெளியிட்ட ஸ்கைரிம் கேமில் நூற்றுக்கணக்கான குகைகளும் கோட்டைகளும் உண்டு. அவற்றின் உட்புறங்களுக்கான துண்டுகளைச் செய்தவர்கள் இரண்டு கலைஞர்கள். அவற்றைக் கோர்த்து இடங்களாக அமைத்தவர்கள் எட்டுப் பேர். 2013-இல் நடந்த கேம் தயாரிப்பாளர் மாநாட்டில் ஜோயல் பர்ஜெஸ், நேட் பர்க்கிபைல் என்ற இருவர் இதை விளக்கிப் பேசினார்கள். ஒரே அளவுமுறையில் பொருந்தும் துண்டுகளின் தொகுப்பைக் கிட் என்கிறார்கள். அவர்கள் சொன்ன ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. துண்டுகளை வைத்துக்கொண்டே போய், திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். கடைசித் துண்டு முதல் துண்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால் கிட் சரி. ஒட்டாவிட்டால் எங்கோ அளவு தப்பு. அதாவது, எங்கள் அப்பாவின் ட்ரயல் அசெம்பிளி!

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனோம். ஸ்ரீரங்கத்து வீடுகள் ஒரே அகலத்தில் இல்லை; ஒன்று ஒடுக்கம், ஒன்று விசாலம். ஆனால் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் 3, 4, 5 மீட்டர் என்ற மூன்று அகலத்துக்குள் பெரும்பாலானவற்றை அடக்கிவிடலாம் என்று தெரிந்தது. ஆகவே கிடைமட்டத்தில் ஒரு மீட்டர் கட்டம், உயரத்தில் அரை மீட்டர் கட்டம். எந்தத் துண்டு செய்தாலும் அதன் ஓரம் இந்தக் கட்டத்தின் கோட்டில்தான் முடிய வேண்டும். நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வாசல் திறப்பு எந்தச் சுவரிலும் ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். இதனால் எந்தக் கதவும் எந்தச் சுவருக்கும் பொருந்தும். நாலு சுவர், ஏழு கதவு, மூன்று விதத் திண்ணை, இரண்டு விதக் கூரை. மொத்தம் செய்தது 16 துண்டு. பெருக்கிப் பாருங்கள், 168 விதமான வீடு வரும்.

இங்கே நாங்கள் இரண்டு நாள் வீணாக்கிய ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாடலுக்கும் பிவட் என்று ஒரு புள்ளி உண்டு. கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் துண்டை வைக்கும். பிளெண்டரில் ஒரு கனசதுரத்தை எடுத்தால் அந்தப் புள்ளி நடுவில் இருக்கும். நடுவிலேயே விட்டால் 4 மீட்டர் சுவரின் ஓரம் 2 மீட்டர் தள்ளி வரும். 5 மீட்டர் சுவரின் ஓரம் இரண்டரை மீட்டர் தள்ளி வரும். கட்டத்தில் வைக்கும்போது ஒன்று சேரும், ஒன்று அரை மீட்டர் பிளந்து நிற்கும். பிவட்டைத் தரைமட்டத்தில் முன்பக்க இடது மூலைக்கு மாற்றியதும் எல்லாம் சொன்னபடி கேட்டது. அதேபோல மாடலை இழுத்துப் பெரிதாக்கிவிட்டு கன்ட்ரோல் ஏ அடித்து ஸ்கேலை அப்ளை செய்யாமல் அனுப்பாதீர்கள். அந்தத் தலைவலியை விவரிக்கப் பக்கம் போதாது.

அடுத்தது மேட்ச் மார்க். ஃபைல் பெயரைப் பார்த்தாலே துண்டின் வகை, அகலம், எத்தனையாவது மாற்று என்று தெரிய வேண்டும். "சுவர்_4மீ_02" என்கிற மாதிரி. "ஃபைனல்" என்ற சொல்லைக் குழுவில் தடை செய்தோம். மீறினால் ஒரு டீ அபராதம். நான்தான் அதிகம் கட்டினேன்.

இனி, மெஷின் ஏன் திணறியது என்ற கணக்கு. நம் ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் இன்று நிற்பவை 953 தூண்கள். அதைக் கம்ப்யூட்டரில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு தூணுக்கு 2,000 முனைப்புள்ளிகள், ஒரு புள்ளியின் இடம், திசை, படத்தில் அதன் ஸ்தானம் எல்லாம் சேர்த்து 32 பைட் என்று கொண்டால், ஒரு தூண் 64,000 பைட். ஒவ்வொரு தூணையும் தனியாகச் செய்தால் 953 தூணுக்கு 6,09,92,000 பைட், அதாவது ஏறக்குறைய 61 மெகாபைட். மாறாக, ஒரே தூணைச் செய்துவிட்டு, "இதையே இன்னின்ன இடத்தில் வை" என்று சொன்னால்? ஓர் இடத்தைக் குறிக்க 12 எண்கள், 48 பைட். 953 இடத்துக்கு 45,744 பைட். தூணையும் சேர்த்து மொத்தம் 1,09,744 பைட்தான். நிஜ மண்டபத்துத் தூண்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை என்பது வேறு விஷயம். நாலு விதத் தூண் வைத்துக்கொண்டாலும் மூன்று லட்சத்துச் சொச்சம் பைட்தான் ஆகும்.

இடம் மிச்சமாவது ஒரு லாபம். வேகம் இன்னொன்று. திரையில் ஒரு பொருளை வரைய பிராசஸர் கிராபிக்ஸ் சிப்புக்கு ஓர் ஆணை அனுப்ப வேண்டும். பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு இட்லி எடுக்க அடுக்களைக்குப் போய்ப் போய் வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் எங்கள் பழைய வீதி. ஒரே மாதிரித் துண்டு என்றால் ஒரே ஆணையில் நூறு இடத்திலும் வரையச் சொல்லலாம். தட்டோடு எடுத்து வந்து வரிசையாகப் பரிமாறுவது போல. கோடோ என்ற இலவச கேம் எஞ்சினில் இதற்கு மல்ட்டிமெஷ் என்று பெயர். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு மல்ட்டிமெஷ்ஷில் இருப்பதை எஞ்சின் ஒரே பொருளாகத்தான் பார்க்கும். வீதி முழுவதையும் ஒன்றில் போட்டால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வீடும் சேர்ந்து வரையப்படும். நாங்கள் வீதியை ஐந்து பகுதியாகப் பிரித்துப் போட்டோம். அதே லேப், அதே மெஷின், விநாடிக்கு 28 படம் வந்தது. நாங்கள் கத்திய கத்தலில் அடுத்த லேபிலிருந்து அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்துவிட்டார்.

பைப்லைன் என்ற சொல்லும் இதோடு சேர்ந்தே வரும். கொள்ளிடத்திலிருந்து வீட்டுக் குழாய் வரை தண்ணீர் வருகிற வழி மாதிரி, வரைந்த படம் கேமுக்குள் வந்து சேரும் வழி. முன்பெல்லாம் வீதி முடிந்தால்தான் சைக்கிள் ஓட்டுகிற புரோகிராமைச் சோதிக்கலாம் என்று காத்திருந்தோம். இரண்டாம் முறை அந்தத் தப்பைச் செய்யவில்லை. முதல் நாளே சரியான அளவில், சரியான பெயரில், வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளைப் போட்டு வீதியை நிறுத்திவிட்டோம். லால்குடித் தோழி அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே சைக்கிளை ஓட்டி, திருப்பம் சரியா, இலை கிழிகிறதா என்று பார்த்துவிட்டார். நிஜச் சுவர் தயாரானதும் அதே பெயரில் பழையதன் மேல் சேமித்தால் போதும். வீதி முழுவதும் இருக்கும் பெட்டிகள் தானே சுவராகிவிடும். ஒரு பல்பைக் கழற்றி அடுத்ததை மாட்டுகிற மாதிரி.

மணப்பாறை நண்பன் திரும்பக் குழுவுக்குள் வந்ததும் இதனால்தான். அவனிடம் அங்கே கம்ப்யூட்டர் இல்லை. ராத்திரி அடுப்பு அணைந்த பிறகு அரை மணி நேரம்தான் அவனுக்குச் சொந்தம். அந்த அரை மணியில் ஒரு வீதியைச் செய்ய முடியாது. ஆனால் ஒரு கதவை வரைய முடியும். கிராஃப் தாளில் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கதவுகளை வரைந்து, கலர் அடித்து, போனில் படம் எடுத்து அனுப்பினான். நாங்கள் அதை வெட்டி, அதே பெயரில் சேமித்தோம். ஏழு கதவும் அவன் கைதான். இரண்டு கதவின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். பழைய முறையில் இருந்திருந்தால் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவன் பெயரைப் போடலாமா என்ற கேள்வி வந்திருக்கும். அந்தப் பேச்சு எங்கள் குழுவில் எழவே இல்லை.

இந்த முறையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் பகுதி முடிந்ததும் போனில் வீடியோ எடுத்துப் போய் அத்தையிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "எல்லா வீடும் ஒரே கொத்தனார் கட்டுனாப்ல இருக்கேடா" என்றார். ஸ்கைரிம்காரர்களும் இதே குறையைத்தான் தங்கள் பேச்சில் சொல்கிறார்கள்: பார்த்த துண்டையே பார்த்துப் பார்த்துக் கண் சலித்துப்போவது. பத்து வீட்டுக்கு ஒன்றாவது கிட்டில் இல்லாத வீடாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மாமாவின் இலைக்கடையை அப்படித் தனியாகச் செய்தோம். மற்ற இடங்களில் கரண்ட் கம்பம், வாசலில் கோலம், சாய்த்து வைத்த டிவிஎஸ் 50, காயப்போட்ட வேட்டி என்று போட்டுச் சமாளித்தோம். வேட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவரை யாரும் எண்ணுவதில்லை.

ராஜகோபுரம்தான் எங்களைப் பயமுறுத்தியது. ஆனால் உற்றுப் பார்த்தால் அதைக் கட்டியவர்களுக்கே இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. 1987-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோபுரத்திலும் சரி, பழைய கோபுரங்களிலும் சரி, ஒவ்வொரு நிலையிலும் மூலையில் கர்ணகூடு, நடுவே சாலை, இடையிடையே பஞ்சரம் என்று அதே உறுப்புகள்தாம் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. நாங்கள் மூன்று உறுப்பு மட்டும் செய்து பதின்மூன்று நிலையையும் எழுப்பிவிட்டோம். சிற்பங்களுக்குத் தட்டைப் படம்தான். பக்கத்தில் போனால் தெரியும். ஆகவே சைக்கிளைப் பக்கத்தில் விடவில்லை!

இன்டர்நெட்டில் ரெடிமேட் கிட் இலவசமாகக் கிடைக்கிறதே, எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது. மேல்நாட்டுக் கோட்டை கிடைக்கும், கடற்கொள்ளைக்காரர் கப்பல் கிடைக்கும். திண்ணை கிடைக்காது. 2020-இல் புனேயிலிருந்து வந்த ராஜி என்ற கேமையும், 2023-இல் கனடாவிலிருந்து வந்த வெண்பா என்ற கேமையும் பாருங்கள். வெண்பாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சமையலறைதான் களம். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி சரியாகப் பரவும் என்பதே ஒரு புதிர். இரண்டுமே சின்னக் குழுக்கள் செய்தவை. நம் ஊர்ச் சாமானை நாம்தான் செய்தாக வேண்டியிருக்கிறது.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சைக்கிளை இரண்டு முறை ஓட்டினார். இரண்டு முறையும் இலையைக் கிழித்தார். பிறகு, "ஒருத்தர் போயிட்டா எப்படி முடிச்சீங்க?" என்று கேட்டார். ஃபைல் பெயர்ப் பட்டியலைக் காட்டினேன். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அன்று கிடைத்தது: போடுவார்கள்.

அப்பாவிடம் வீட்டில் காட்டியபோது அவர் சைக்கிளையே தொடவில்லை. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சுவர் சேரும் இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வடக்கு மூலையில் நிறுத்தி, "இங்க கேப் இருக்குடா" என்றார். இருந்தது. ஒரு சென்டிமீட்டர் இருக்கும்.

ஜூனியர் நண்பர்களுக்கு: கிட் முழுவதையும் லேபில் மூன்றாவது வரிசை, கடைசி மெஷினின் டி டிரைவில் "இலைக்கட்டு" என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். சித்திரை வீதி பாதிதான் முடிந்திருக்கிறது. உத்திர வீதி இன்னும் சாம்பல் பெட்டிகளாகவே நிற்கிறது. வடக்கு மூலை இடைவெளிக்குக் காரணம் "சுவர்_5மீ_01", அதன் அகலத்தை ஒரு தரம் அளந்து பாருங்கள். "கம்பம்_02"-இல் பிவட் இன்னும் நடுவில்தான் இருக்கிறது. கதவுகளில் இருக்கும் எண்ணெய்க் கறையை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.